பத்தரையில் கால்

பேனா மூடியை உதட்டில் வைத்து ஊதியிருப்பீர்கள்.
கீச்சென்று கத்தும்.
சின்ன மூடி, சின்ன அலை,
நொடிக்கு ஆயிரக்கணக்கில் அதிர்வு.

மெனோர்காத் தீவின் சியுதடெல்யாவில்
எங்கள் துறைமுகமும் ஒரு மூடிதான்.
ஒரு கிலோமீட்டர் நீளம்,
ஒரு முனையில் பாறை, ஒரு முனையில் வாய்.
வருஷத்தில் சில நாள், பெரும்பாலும் ஜூனில்,
வானம் மஞ்சள் பூத்து
பாரமானியின் முள் தும்மும்போது
யாரோ அதை ஊதுகிறார்கள்.
அதற்குத் தெரிந்தது ஒரே சுரம்.
ஒருமுறை இறங்கி ஏறி மறுபடி இறங்கப்
பத்தரை நிமிடம்.

அறுநூற்று முப்பது நொடி.
ஒன்றை அதனால் வகுத்தால் அதிர்வெண்:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்
ஒன்று ஐந்து ஒன்பது ஹெர்ட்ஸ்.
துறைமுக அலுவலகப் பேரேட்டில்
இதை எழுதுகிறவள் நான்.
"அப்பொலோனியா, இத்தனை பூஜ்யத்துக்கா
உனக்குச் சம்பளம்?" என்பான் நொஃப்ரே.
எந்தக் காதுக்கும் எட்டாத சுரம்தான்,
உன் படகைக் கட்டிய கயிற்றுக்குக் கேட்கும் என்பேன்.

அன்று காலை ஏழு இருபதுக்கு
கடல் கிளம்பிப் போனது.
தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாற்போல்.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்தன.
மீன்கள் வெள்ளிக் காசாய்த் துள்ளின.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சைக்கிள்,
அவற்றுக்கு நடுவே
மார்ச்சில் நொஃப்ரே தவறவிட்ட மோட்டார்,
பாசியில் மீசை வளர்த்துக்கொண்டு.

"பத்தரை நிமிடம் இருக்கு!"
ஏணியில் இறங்கிவிட்டான்.
பத்தரை இந்த ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்.
எதிலிருந்து எதுவரை என்றுதான்
யாரும் கேட்டதில்லை.

பத்தரை, பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு.
பள்ளத்திலிருந்து முகட்டுக்கு அதில் பாதி.
"ஐந்தேகால்!" என்று கத்தினேன்,
கத்தியபடியே படி இறங்கினேன்,
மூன்றாம் படியில் உறைத்தது,
நானும் தப்பு.

முகடு எதற்கு அவனை மூழ்கடிக்க?
தினமும் நாம் பார்க்கிற சாதாரண மட்டமே
அவன் தலைக்கு மேல்.
பள்ளத்திலிருந்து மட்டத்துக்குப்
பத்தரையில் கால்.
நூற்று ஐம்பத்தேழு நொடி.
அதில் முப்பதை ஏணி தின்றாகிவிட்டது.

கால் பங்கே நேரம்.
இரண்டு காலும் சேற்றில்.

அலை முதல் நிமிடம் சோம்பேறி.
கணுக்கால், பிறகு முழங்காலுக்குக் கீழே,
இவ்வளவுதானா என்று நம்ப வைக்கும்.
பள்ளத்திலும் முகட்டிலும்தான் அதற்கு நிதானம்,
நடுவழியில் ஓட்டம்.
ஒன்றே முக்கால் நிமிடத்தில் தண்ணீர்
வீச்சில் அரை ஏறியிருந்தது,
அவன் அரையைத் தொட்டது.
மோட்டாரை இன்னும் கட்டிப் பிடித்திருந்தான்,
பெண்ணெடுத்த வீட்டில் சீர் கேட்டு நிற்கிறவன் மாதிரி.

"விடு!"
நான் மட்டுமில்லை, கரை முழுக்கச் சொன்னது.
ஐஸ் வண்டி ஓட்டும் உர்சுலா கயிறு வீசினாள்.
முதல் வீச்சு நாற்காலியில் விழுந்தது.
இரண்டாவதில் அவன் கை.

ஏணியின் மேல் உட்கார்ந்து இருமினான்.
ஒரு காலில் நீல பூட்ஸ்,
மறுகாலில் வெறும் சாக்ஸ்.
பின்னால் கடல் வந்து
காப்பிக்கடையின் இரண்டு மேசைகளை
எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தது.

பேரேட்டைத் திறந்தேன்.
கை நடுங்கி ஒரு பூஜ்யம் கூடிப்போயிற்று,
அடித்துத் திருத்தினேன்.

ஏழு முப்பதரைக்குத்
தண்ணீர் மறுபடி இறங்கியது.
நாற்காலி இல்லை. சைக்கிள் கொஞ்சம் தள்ளி.
மோட்டார் அதே இடத்தில்,
பக்கத்தில் நீல பூட்ஸ்,
யாரோ கழற்றி வாசலில் விட்டதுபோல் நேராக.

நொஃப்ரே அதைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
உர்சுலா கயிற்றைச் சுருட்டி
அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.